மேஜர் கார்ல் பிளாகே: வில்னியஸ் வண்டிப் பட்டறையில் நடந்தது என்ன?

1941 டிசம்பர் 1ஆம் தேதியிட்ட ஜெர்மன் அறிக்கை ஒன்று இருக்கிறது. லித்துவேனியாவில் இயங்கிய கொலைப்படையின் தலைவர் கார்ல் யேகர் என்ற எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) அதிகாரி தன் மேலிடத்துக்கு அனுப்பியது அது. எந்தத் தேதியில், எந்த ஊரில், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று மளிகைக்கடைப் பேரேடு போல வரிசையாக எழுதி, கடைசியில் கூட்டிப் போட்டிருக்கிறார். மொத்தம் 1,37,346 உயிர்கள். பெரும்பாலும் யூதர்கள்.

அதே அறிக்கையில் யேகர் ஒரு குறையும் சொல்கிறார். ஜெர்மானியர்களுக்காக வேலை செய்யும் யூதர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் சேர்த்தே கொன்றுவிட நினைத்தாராம். சிவில் நிர்வாகமும் ராணுவமும் கடுமையாக எதிர்த்ததால் அது முடியாமல் போனதாம். அதனால் லித்துவேனியாவின் இன்றைய தலைநகரான வில்னியஸில் சுமார் 15,000, கவுனஸில் சுமார் 15,000, ஷௌலியாயில் சுமார் 4,500 பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டுகிறார்.

ராணுவம் எதிர்த்தது இரக்கத்தால் அல்ல. ரஷ்யாவில் குளிர்காலம் தொடங்கிவிட்டது. பூட்ஸ் தைக்க, கம்பளி கோட்டு தைக்க, உடைந்த லாரியைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும். உள்ளூரில் அந்தத் தொழில்களைச் செய்தவர்களில் பெரும்பகுதி யூதர்கள். அவ்வளவுதான் காரணம். ஆனால் அந்தக் காரணம் ஒரு சந்து திறந்துவிட்டது. ஒருவரை 'அவசியமான தொழிலாளி' என்று காகிதத்தில் காட்ட முடிந்தால், அவர் சாவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். வில்னியஸில் அந்தச் சந்துவழியை மூன்று வருடம் விடாமல் பயன்படுத்திய ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றியது இந்த ஆய்வு. பெயர் கார்ல் பிளாகே. நாஜிக் கட்சியின் உறுப்பினர், அதுவும் ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே சேர்ந்தவர்.

டார்ம்ஸ்டாட்டிலிருந்து வில்னியஸ் வரை

பிளாகே 1897 ஜூலை 10 அன்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். அப்பா ராணுவ மருத்துவர். பிளாகே சிறுவனாக இருந்தபோதே, 1904இல், இறந்துவிட்டார். முதல் உலகப்போரில் மேற்கு முனையில் போரிட்ட பிளாகே 1917இல் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். சிறைபிடிக்கப்பட்டிருந்த காலத்தில் போலியோ தாக்கி இடது கால் ஊனமாயிற்று. இந்தக் காலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அவர் துப்பாக்கிப் படைக்குப் போகாமல் வண்டிப் பட்டறைக்குப் போனதில் இந்தக் காலுக்கும் பங்கு உண்டு.

போருக்குப் பிறகு டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1924இல் பொறியாளர் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனியின் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த காலம். மருந்து வேதியியல் படித்து, அம்மாவின் வீட்டிலேயே ஒரு சிறிய மருத்துவச் சோதனைக்கூடம் வைத்துப் பிழைப்பு நடத்தினார். 1931 டிசம்பரில் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். நாட்டின் பொருளாதாரமும் மானமும் மீளும் என்று நம்பிச் சேர்ந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவதுண்டு. தாண்டக் கூடாது. 1931இல் யூத வெறுப்பு அந்தக் கட்சியின் மறைந்த கொள்கை அல்ல. மேடை போட்டுச் சொன்ன கொள்கை. அதைக் கேட்டும் அவர் சேர்ந்தார், உள்ளூரில் கட்சி வேலையும் செய்தார். பிறகுதான் உரசல் வந்தது. கட்சியின் இனக் கோட்பாட்டைப் பாடமாகச் சொல்லித்தர மறுத்தார். யூதர்களோடும் ஃப்ரீமேசன்களோடும் (நாஜிகள் வெறுத்த ஒரு சகோதரச் சங்கத்தினர்) பழகுகிறார் என்று அவர்மேல் புகார் வந்தது. 1930களின் நடுவில் கட்சிப் பொறுப்பு போயிற்று. உறுப்பினர் அட்டை மட்டும் கையில் இருந்தது. ஹெஸ்ஸன்வெர்கே என்ற நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். அதன் உரிமையாளர் கூர்ட் ஹெஸ்ஸெயின் மனைவி யூத வழிவந்தவர். அந்தத் தம்பதியின் மகனுக்கு பிளாகே ஞானத்தந்தையாகவும் இருந்தார். அந்த நாட்களில் ஒரு கட்சிக்காரர் அப்படிச் செய்வது சாதாரண விஷயமல்ல.

1939இல் போர் மூண்டதும் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். 1941 ஜூலை தொடக்கத்தில், ஜெர்மன் படை நுழைந்த சில நாட்களில், ஹெச்.கே.பி. 562 என்ற வாகனப் பராமரிப்புப் பிரிவின் தலைவராக வில்னியஸுக்கு வந்து சேர்ந்தார். கிழக்கு முனையில் அடிபட்ட ராணுவ வண்டிகளைச் சரிசெய்து திருப்பி அனுப்புவதுதான் அந்தப் பிரிவின் வேலை.

மஞ்சள் அட்டை

வில்னியஸ் யூதப் பண்பாட்டின் தலைநகரங்களில் ஒன்று. பிளாகே வந்தபோது அதன் அழிவு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. நகருக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி போனாரி என்ற காடு. சோவியத் ஆட்சியில் எரிபொருள் தொட்டிகள் வைப்பதற்காக அங்கே பெரிய வட்டக் குழிகள் தோண்டியிருந்தார்கள். தொட்டிகள் வரவில்லை, குழிகள் தயாராக இருந்தன. ஜெர்மானியர்களும் அவர்களுக்குக் கீழ் இயங்கிய லித்துவேனியச் சிறப்புப் படையும் அந்தக் குழிகளின் ஓரத்தில் ஆட்களை நிறுத்திச் சுட்டார்கள். 1944 வரை அங்கே சுமார் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் சுமார் 70,000 பேர் யூதர்கள்.

1941 செப்டம்பரில் எஞ்சிய யூதர்களை இரண்டு கெட்டோக்களுக்குள், அதாவது யூதர்களை மட்டும் அடைத்துவைக்கும் தனிக் குடியிருப்புகளுக்குள், அடைத்தார்கள். இரண்டில் சின்னதை அக்டோபரிலேயே காலி செய்துவிட்டார்கள். அப்புறம் வந்தது மஞ்சள் நிற வேலை அட்டை. சுமார் 3,000 அட்டைகள்தான் கொடுக்கப்பட்டன. ஓர் அட்டை அதை வைத்திருப்பவரையும், மனைவியையும், பதினாறு வயதுக்குட்பட்ட இரண்டு குழந்தைகள் வரையிலும் காப்பாற்றும். மூன்றாவது குழந்தை இருந்தால்? அப்பா அம்மாவுக்கு இடம் கிடையாது, தம்பி தங்கைக்கு இடம் கிடையாது. யாரை அட்டையில் எழுதுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

பிளாகே தன் பிரிவுக்கு இப்படிச் சுமார் 250 அட்டைகள் வாங்கினார். வாங்கியது சட்டப்படிதான். ஆனால் யாருக்குக் கொடுத்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பட்டறையில் வண்டி மெக்கானிக்குகள் இருந்தார்கள். கூடவே முடிதிருத்துபவர், செருப்புத் தைப்பவர், கசாப்புக்காரர் என்று கார்புரேட்டரையே கண்ணால் பார்த்திராதவர்களும் 'தேர்ந்த மெக்கானிக்' என்ற பெயரில் உள்ளே வந்தார்கள். காகிதத்தில் எல்லோரும் ராணுவத்துக்கு இன்றியமையாதவர்கள். கற்றுக்கொள்ள முடிந்தவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள்.

உள்ளே வந்தவர்களை அடிக்கக் கூடாது, மரியாதையோடு நடத்த வேண்டும் என்று தனக்குக் கீழிருந்தவர்களுக்கு அவர் உத்தரவிட்டிருந்தார். வேலையிடத்தில் சூடான சாப்பாடு கிடைத்தது. வெளி ஆட்களோடு பொருளைக் கொடுத்து உணவு வாங்கிக்கொள்வதை அவர் கண்டும் காணாமல் விட்டார். அதிகாரபூர்வ ரேஷனை மட்டும் நம்பியிருந்தால் பட்டினியே ஆளைக் கொன்றிருக்கும். அங்கே பிழைத்தவர்கள் பலரும் முதலில் குறிப்பிடுவது உணவைத்தான்.

அதே நகரம், இன்னொரு ராணுவத்தான்

பிளாகே செய்ததை எடைபோட, அதே வில்னியஸில் அதே மாதங்களில் இருந்த அன்டோன் ஷ்மிட்டையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரியாக்காரர், படையில் சார்ஜண்ட். ரயில் நிலையத்தருகே, படைப்பிரிவிலிருந்து பிரிந்து தனித்துவிட்ட சிப்பாய்களைச் சேர்த்து அனுப்பும் அலுவலகம் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் பொய்ச் சான்றுகள் கொடுத்தார், ராணுவ லாரிகளில் யூதர்களை ஏற்றி அப்போது ஆபத்து குறைவாக இருந்த ஊர்களுக்கு அனுப்பினார், எதிர்ப்பு இயக்கத்தவருக்குத் தன் இடத்திலேயே அடைக்கலம் தந்தார். 1942 ஜனவரியில் கைதானார், ஏப்ரல் 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஷ்மிட் விதியை மீறினார். பிளாகே விதிக்குள்ளேயே நின்று அதை வளைத்தார். ஷ்மிட்டின் துணிச்சலுக்கு முன் பிளாகே சிறியவராகத் தெரியலாம், எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் ஷ்மிட்டின் வழி சில மாதங்களில் முடிந்தது. பிளாகேவின் வழி 1944 ஜூலை வரை நீடித்தது. எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் தேவையில்லை. இரண்டு வழிகளுமே இருந்தன என்பதுதான் முக்கியம். 'மேலிடத்து உத்தரவு, வேறு வழியில்லை' என்று போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கான அதிகாரிகள் சொன்ன பேச்சு, இந்த ஒரு நகரத்திலேயே இருவரால் பொய்யாகிறது.

சுபோச் தெரு முகாம்

1943இல் நிலைமை மாறியது. யூத உழைப்பாளிகள் அனைவரையும் எஸ்.எஸ். தன் கைக்குள் கொண்டுவரத் தொடங்கியது. வில்னியஸ் கெட்டோவைக் கலைப்பது என்று முடிவாகி, ஆட்களைப் பிடித்து எஸ்டோனிய முகாம்களுக்கு ரயிலேற்றினார்கள். பிளாகேவின் தொழிலாளர்கள் சிலரும் அதில் மாட்டிக்கொண்டார்கள். அவரே தலையிட்டு அவர்களை விடுவித்தார். அவர் நகர்ந்ததும் எஸ்.எஸ். அதிகாரிகள் அந்த ஆணையை ரத்து செய்து அவர்களைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். மேஜர் ஒருவரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதற்கு இந்த நிகழ்வைவிடத் தெளிவான சான்று இல்லை.

அதற்குப் பிறகு அவர் கவுனஸுக்கும் ரீகாவுக்கும் போய் எஸ்.எஸ். தலைமையிடமும் ராணுவ நிர்வாகத்திடமும் வாதாடினார். தன் தொழிலாளர்களுக்கென்று நகரிலேயே தனி முகாம் வேண்டும், குடும்பத்தோடு வேண்டும் என்று கேட்டார். எஸ்.எஸ். தரப்பு ஆண்களை மட்டும் வைத்துக்கொள் என்றது. மனைவி மக்களைப் பிரித்தால் வேலைக்காரன் மனம் ஒடிந்துபோவான், வேலை கெடும் என்று அவர் பதில் சொன்னார். மனிதாபிமானத்தைப் பேசியிருந்தால் அந்த அறையில் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். உற்பத்தியைப் பற்றிப் பேசினார், ஒப்புதல் கிடைத்தது.

1943 செப்டம்பர் 16 அன்று லாரிகள் கெட்டோவுக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. ஒரு வாரம் கழித்து, 23ஆம் தேதி கெட்டோ கலைக்கப்பட்டது. அந்த ஒரு வார இடைவெளியில் தப்பியவர்களையும் சேர்த்து முகாமில் 1,200க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

சுபோச் தெருவில் இருந்த இரண்டு பல மாடிக் கட்டடங்கள்தான் முகாம். ஏழை யூதக் குடும்பங்கள் மலிவு வாடகையில் குடியிருப்பதற்காக, பாரன் ஹிர்ஷ் என்ற யூதச் செல்வந்தரின் அறக்கொடையில் கட்டப்பட்டவை. சுற்றிலும் முள்கம்பி. பெண்களும் குழந்தைகளும் சும்மா இருக்கிறார்கள் என்று எஸ்.எஸ். முறைத்தபோது பிளாகே ராணுவ உடை தைக்கும், ஒட்டுப்போடும் பட்டறை ஒன்றை அங்கேயே தொடங்கினார். இப்போது பெண்களும் 'அவசியமானவர்கள்' ஆனார்கள்.

ஆனாலும் இது அடிமை முகாம்தான். காவலும் தண்டனையும் எஸ்.எஸ். கையில் இருந்தன. தப்பியோடிப் பிடிபட்ட ஒரு குடும்பத்தை முற்றத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் கொன்றார்கள். அதை பிளாகேவால் தடுக்க முடியவில்லை.

1944 மார்ச் 27

அன்று பிளாகே விடுப்பில் ஜெர்மனியில் இருந்தார். எஸ்.எஸ். ஆட்கள் முகாமுக்குள் புகுந்து குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுமார் 250 குழந்தைகள். திரும்பி வரவே இல்லை.

அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா? தடுத்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். அதே நாளில் கவுனஸ் கெட்டோவிலும் குழந்தைகளைப் பிடித்தார்கள். அது ஒரு முகாமை மட்டும் குறிவைத்த செயல் அல்ல, வட்டாரம் முழுவதற்கும் போட்ட திட்டம். ரயில் விவகாரத்தில் தோற்ற மேஜர் இதில் வென்றிருப்பார் என்று நம்ப இடமில்லை. அவருடைய முறையின் அடிப்படைக் குறையும் இங்கேதான் வெளிப்பட்டது. 'வேலைக்கு ஆவான்' என்ற வாதம் நாலு வயதுக் குழந்தைக்குச் செல்லாது. பெற்றோரின் அட்டையில் ஒட்டிக்கொண்டுதான் குழந்தைகள் அதுவரை உயிரோடு இருந்தார்கள்.

சில குழந்தைகளைப் பெற்றோர் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். அந்த நாளுக்குப் பிறகு அவர்கள் வெளியே தலைகாட்ட முடியாது, கணக்கில் அவர்கள் உயிரோடு இல்லையே. அப்படித் தப்பிய ஒரு சிறுவன் சாமுவேல் பாக். அவனுடைய தந்தை மகனை ஒரு சாக்கில் போட்டு முகாமிலிருந்து வெளியே கடத்தினார். பிற்காலத்தில் உலகறிந்த ஓவியரானவர் இந்த பாக். தந்தை அதே ஜூலையில் போனாரியில் கொல்லப்பட்டார்.

மார்ச்சுக்குப் பிறகு முகாம்வாசிகள் யாரையும் நம்பிக் காத்திருக்கவில்லை. சுவருக்கும் சுவருக்கும் இடையில், கூரைக்கடியில், தரைக்குக் கீழே ஒளிவிடங்கள் கட்டத் தொடங்கினார்கள். அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மலின்'. இடித்த செங்கல்லையும் தோண்டிய மண்ணையும் காவலர் கண்ணில் படாமல் அப்புறப்படுத்த வேண்டும், புதுச் சுவருக்குப் பழைய நிறம் வரவேண்டும். பலரின் உயிர் கடைசியில் நின்றது இந்தச் சுவர்களை நம்பித்தான். பிளாகேவின் கதையைச் சொல்லும்போது இந்தக் கைகளின் வேலை பின்னுக்குப் போய்விடக் கூடாது.

அந்தச் சனிக்கிழமைப் பேச்சு

1944 ஜூன் இறுதியில் செம்படை நெருங்கிவிட்டது. பட்டறையைக் கலைத்துக்கொண்டு மேற்கே போக உத்தரவு வந்தது. தொழிலாளர்களையும் உடன் அழைத்துப் போக பிளாகேவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பட்டறை போய்விட்டால் முகாமில் இருப்பவர்களின் கதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எந்த நாளில் என்பதுதான் தெரியாது.

ஜூலை 1, சனிக்கிழமை. பிளாகே முகாமுக்கு வந்து தொழிலாளர்களைக் கூட்டிப் பேசினார். பக்கத்தில் எஸ்.எஸ். அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். அதனால் எதையும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. தப்பிப் பிழைத்தவர்கள் பலரும் ஏறக்குறைய ஒரே மாதிரி நினைவுகூரும் பேச்சு அது. போர்முனை நெருங்கிவிட்டது என்றார். தன் பிரிவு மேற்கே நகர்கிறது என்றார். திங்கட்கிழமை நீங்கள் எஸ்.எஸ். பொறுப்பில் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்படுவீர்கள் என்றார். எஸ்.எஸ். என்பது அகதிகளைப் பாதுகாக்கும் அமைப்பு என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடித்தார்.

கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் எஸ்.எஸ். யாரென்று தெரியும். நாள் தெரிந்தது, கொல்ல வருபவர் யாரென்று தெரிந்தது, கையில் இரண்டு இரவு இருந்தது. பக்கத்தில் நின்ற எஸ்.எஸ். அதிகாரிக்கு அந்தப் பேச்சில் குறைசொல்ல எதுவும் இல்லை.

ஜூலை 3, திங்கள் காலை ஆள் எண்ணும்போது பாதிப்பேரைக் காணவில்லை. வந்து நின்ற சுமார் 500 பேரையும் போனாரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அடுத்த சில நாட்கள் கட்டடங்களைச் சல்லடையாகச் சலித்ததில் சுமார் 200 பேர் அகப்பட்டார்கள். அவர்களை முகாம் முற்றத்திலேயே கொன்றார்கள். ஜூலை வெயிலில், காற்றுப் போகாத மலின்களில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மற்றவர்கள் கிடந்தார்கள். 13ஆம் தேதி செம்படை நகரைப் பிடித்தது. ஹெச்.கே.பி. முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் சுமார் 250 பேர். வில்னியஸில் பிழைத்த யூதர்களில், ஒரே இடத்திலிருந்து தப்பிய மிகப்பெரிய கூட்டம் இதுதான்.

இரண்டு தீர்ப்புகள்

1945 மே மாதம் பிளாகே தன் படைப்பிரிவோடு அமெரிக்கரிடம் சரணடைந்தார். 1947இல் டார்ம்ஸ்டாட்டில் நாஜி நீக்க விசாரணைக்கு, அதாவது முன்னாள் நாஜிகளின் பொறுப்பை எடைபோட்ட விசாரணைக்கு, உட்பட்டார். ஆரம்பகாலக் கட்சி உறுப்பினர், போதாததற்கு அடிமை முகாம் ஒன்றோடு தொடர்புள்ள அதிகாரி. வழக்கு அவருக்குச் சாதகமாகத் தொடங்கவில்லை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் அகதி முகாமில் இருந்த, வில்னியஸில் பிழைத்த யூதர்களுக்குச் சேதி எட்டியது. அவர்கள் தாங்களாகவே முன்வந்து, அவர் செய்தது என்னவென்று நீதிமன்றத்துக்குத் தெரியச் செய்தார்கள். வழக்கின் போக்கு மாறியது.

குற்றவாளிகளை ஐந்து வகையாகப் பிரித்த காலம் அது. கடைசி வகை 'குற்றமற்றவர்'. பிளாகே அந்த வகையைக் கோரவில்லை. அதற்கு முந்தைய 'உடன் சென்றவர்' என்ற வகையைத்தான் அவர் தரப்பு கேட்டது, அதுவே தீர்ப்பாகவும் வந்தது. பல பெரிய தலைகள் அண்டை வீட்டாரிடம் நற்சான்று வாங்கிக் குற்றமற்றவராக வெளியேறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. யேகர் 1959 வரை கைதாகாமலே வாழ்ந்தார். பிளாகே 1957 ஜூன் 19 அன்று டார்ம்ஸ்டாட்டில், அதிகம் பேரறியாமல் இறந்தார்.

அவரைத் திரும்பத் தேடியவர் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் குட். அவருடைய தாய் பேர்ல் குட், அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பெற்றோரோடு மலினில் ஒளிந்து பிழைத்தவர். 1999இல் குடும்பத்தோடு வில்னியஸுக்குப் போனபோதுதான் மகனுக்கு இந்தத் தேடல் பிடித்துக்கொண்டது. பிழைத்தவர்களுக்கு 'மேஜர் பிளாகே' என்பதற்கு மேல் தெரியாது, முதற்பெயர்கூடத் தெரியாது. பிரிவின் எண்ணை வைத்துக்கொண்டு, ஜெர்மன் ஆய்வாளர்களின் துணையோடு 1947 விசாரணைக் கோப்பு வரை போய்ச் சேர்ந்தார்கள்.

யூதப் படுகொலையின் நினைவைக் காக்கும் ஜெருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் பிளாகேவைக் கௌரவிக்க முதலில் மறுத்தது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே யூதர்களைக் காப்பாற்றியவர்களுக்குத்தான் 'உலக நாடுகளின் நீதிமான்' என்ற பட்டம். பிளாகே தன் பட்டறைக்கு ஆள் வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருக்கலாமே, அவருக்கு என்ன ஆபத்து வந்தது என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். அவருடைய தொழிலாளர்கள் சரிசெய்த லாரிகள் ஹிட்லரின் போருக்குத்தான் ஓடின. ஆனால் முடிதிருத்துபவரை மெக்கானிக் என்று எழுதுவதில் பட்டறைக்கு என்ன லாபம்? குழந்தைகளை முகாமுக்குள் கொண்டுவந்ததில் என்ன உற்பத்தி? பட்டறையே மூட்டை கட்டிவிட்ட பிறகு, எஸ்.எஸ். அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளைச் சொல்லி எச்சரித்ததில் ராணுவத்துக்கு என்ன நன்மை? லாபக் கணக்கு இந்த மூன்றையும் விளக்காது. மேலும் ஆதாரங்கள் சேர்ந்த பிறகு 2004இல் யாத் வாஷெம் சம்மதித்தது. 2005 ஏப்ரலில் ஜெருசலேமில் நடந்த விழாவுக்கு, அவரால் பிழைத்தவர்களும் வந்திருந்தார்கள். அடுத்த வருடம் டார்ம்ஸ்டாட் அருகே ப்ஃபுங்ஸ்டாட்டில் இருந்த ஜெர்மன் ராணுவக் குடியிருப்புக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

என் கணிப்பில் 1947 தீர்ப்பும் 2004 தீர்ப்பும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. 1931இல் கட்சியில் சேர்ந்தவரைப் பற்றி ஒன்று பேசுகிறது, 1941க்குப் பிறகு வில்னியஸில் நடந்துகொண்டவரைப் பற்றி மற்றது பேசுகிறது. இரண்டும் ஒரே மனிதர். முதல் தீர்ப்பைக் குறைத்துத் தரும்படி அவர் யாரிடமும் கேட்கவில்லை, இரண்டாவது வரும்போது அவர் இறந்து நாற்பத்தேழு வருடம் ஆகியிருந்தது.